வெறியா? காரீய நஞ்சா?

புத்தூரை அடுத்த நாராயணவனத்தில், பல தலைமுறையாக வண்ணம் ஏறிய கதவுகளுள்ள ஒரு பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். திருமணத்தை முன்னிட்டுக் கதவைச் சுரண்டுகிறார்கள். தூள் திண்ணையில் படிகிறது. வீட்டு நாய் அதிற் புரண்டு, தன் உடலை நக்குகிறது. சில நாட்களில் உணவை வெறுக்கிறது, வாந்தியெடுக்கிறது, வயிறு வலித்து முனகுகிறது. பின்னர் காரணமின்றிக் குரைத்து ஓடுகிறது, வலிப்பும் காண்கிறது. "வெறிநாய்!" என்று கல்லெடுக்கிறோம்.

வெறிநோயாகவும் இருக்கலாம், ஆகவே அதைத் தொடாமல் தனியே அடைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். ஆனால் காரீய நஞ்சாயின் அந்த நாய் பிழைக்கக் கூடியது!

காரீயம் வேறு, ரசச் சொம்புக்குரிய வெள்ளீயம் வேறு. காரீயம் பழைய வண்ணப்பூச்சிலும், மோட்டார் பாட்டரியிலும், மீன்வலைக் குண்டிலும் உண்டு. வீட்டு வண்ணத்தில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் அது கூடாதென்ற விதி 2017 நவம்பரில் நடப்புக்கு வந்தது. முன்பு பூசியதோ கதவிலேயே இருக்கிறது. உண்ட காரீயம், சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் எலும்பிலே தங்கும், இரத்தம் ஊறுவதைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும். குட்டிகளுக்கே இடர் மிகுதி.

இரத்தச் சோதனை உண்மையைக் காட்டும். வயிற்றில் உலோகத் துண்டு கிடந்தால் எக்ஸ்ரேயில் தெரியும்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் வலிப்பை அடக்குவர். அடுத்து, குடலிலுள்ள காரீயத்தைப் பேதி மருந்தாலோ அறுவையாலோ அகற்றுவர். அதன் பின்னரே கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ஊசி, அது காரீயத்தைப் பற்றிச் சிறுநீருடன் வெளியேற்றும். குடலைத் துப்புரவாக்காமல் ஊசி போட்டால் மேலும் காரீயம் உடலிற் சேரலாம். கால்சியம் சேராத ஈ.டி.டி.ஏ.யோ இரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தைப் பறித்து உயிருக்கே உலை வைக்கும். சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும். வாய்வழி கொடுக்கச் சக்சிமர் என்ற மருந்தும் உண்டு. எதையும் மருத்துவரே அளந்து கொடுக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுகத்தில், 2006 இறுதியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. காரீயத் தூளே காரணம் என்று தெரிந்தது. பிறகு சோதித்தபோது ஊர்க் குழந்தைகளின் இரத்தத்திலும் காரீயம் இருந்தது.

நண்பர்களே, நாய் புரண்ட திண்ணையில்தான் குழந்தையும் தவழ்கிறது. எலும்பு முறிந்தால் புத்தூருக்கு ஓடத் தெரிந்த நமக்கு, 1955 முதல் திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதும் நினைவிருக்கட்டும். நாயை அங்கே சேர்த்த கையோடு, குழந்தையின் இரத்தத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். கதவை நனைத்துத் தேயுங்கள். தூளை ஈரத்துணியால் துடையுங்கள். கல்லைக் கீழே போடுங்கள்!