கெட்டியானதெல்லாம் புற்று இல்லை

"வயித்துச் சதைய வெட்டி மார்புல வச்சாங்க, அதுல திரும்பப் புற்று வந்து கல்லாயிடுச்சு." ஜொகூரின் லாபிஸ் பக்கம் நான் ஓயாமல் கேட்கும் பேச்சு இது. இதைக் கேட்டுப் பயந்தே, புற்றுநோயால் மார்பை எடுத்த பெண்கள் சிலர் மறுசீரமைப்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தெரியாததைப் பரப்பி ஒருத்தியின் முடிவைக் கெடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இந்த மறுசீரமைப்பில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக அமைக்கிறார்கள். 1982இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் ஹார்ட்ராம்ஃப் வெளியிட்ட முறையில் வயிற்றுத் தசையும் கூடவே போனது. 1990களில் வந்த 'டீப்' முறையில் தசை வயிற்றிலேயே இருக்கும். ரத்தக்குழாயை மட்டும் பிரித்து, நெஞ்சிலுள்ள குழாயோடு நுண்ணோக்கி வைத்துத் தைப்பார்கள். எந்த முறையானாலும், குழாயிலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்துக் கொழுப்புக்குச் சில சமயம் ரத்தம் போதாது. அது செத்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ இறுகிக் கெட்டியாகும். டாக்டர் இதை 'ஃபேட் நெக்ரோசிஸ்' என்பார். இது புற்று இல்லை; புற்றாக மாறவும் மாறாது. சிறியதென்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். வலித்தாலோ பெரிதாக இருந்தாலோ எடுத்துவிடலாம்.

அதற்காக, தடவிப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய நோயின் மிச்சம் மறுபடி தலைதூக்குவதும் உண்டு. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும். எண்ணெய் போட்டு உருவிக் கரைக்கிறேன் என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

"ஒட்டுன சதை அழுகிடும்" என்பது அடுத்த புரளி. முதல் சில நாள் தாதியர் இரவும் பகலும் அந்தச் சதையை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு விரைவில் நிறம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். நீலம் பாரித்து வீங்கினால் சிரையில் அடைப்பு. வெளிறிக் குளிர்ந்தால் தமனியில். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். அனுபவமுள்ள இடங்களில் முழுச் சதையும் போவது நூற்றில் ஓரிருவருக்குத்தான்.

"வயிறு சரிஞ்சிடும்" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. தசையை எடுத்தால் வயிறு புடைக்கலாம், குடலிறக்கமும் வரலாம். தசையை விட்டுவைத்தால் அந்த வாய்ப்புக் குறைவு.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு: சிகரெட், அதிக உடல் எடை, கட்டுப்பாடில்லாத இனிப்பு நீர். புண் ஆறாமல் இழுத்தடிப்பவை இவைதான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்த பத்துப் பேரில் மூவருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆனாலும் காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக், மாலையில் இன்னொன்று! ஆபரேஷன் தேதி வாங்கியதும் அதை நிறுத்துங்கள். வீட்டு ஆண்களும் வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வரட்டும். சிகாமட்டுக்கோ ஜொகூர் பாருவுக்கோ டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரைச் சோதனை) முடிவையும் கையோடு கொண்டுபோங்கள்.