ஆஸ்திரேலிய ஸ்டார்ட்அப்: தூரத்தின் மேல் விழும் பழி

ஆஸ்திரேலியாவில் இணைய நிறுவனம் தொடங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: உலகத்தின் ஒரு மூலையில் கிடக்கும் நாடு, மக்கள்தொகை மூன்று கோடியைக்கூட எட்டவில்லை, அங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்வது? வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி 1966இல் எழுதிய 'தூரத்தின் கொடுங்கோன்மை' என்ற நூலின் தலைப்பே அந்நாட்டின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. கம்பளியும் கோதுமையும் வாரக்கணக்கில் கப்பலில் போன காலத்துக்கு அது பொருத்தமான விளக்கம். மென்பொருள் விற்பவருக்கும் அதையே சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொடங்குவதற்குத் தூரமும் சின்னச் சந்தையும் பெரிய தடையாக இருந்ததில்லை. தொடங்கியது வளரும் பருவத்தில் அதை நாட்டிலேயே வைத்துக்கொள்வதில்தான் ஆஸ்திரேலியா திரும்பத் திரும்பத் தடுமாறியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் வரிச் சட்டத்திலும் முதலீட்டு விதிகளிலும் இருக்கிறது. அதாவது, மாற்றக்கூடிய இடத்தில் இருக்கிறது.

அட்லாசியனைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபார்குவரும் 2002இல் சிட்னியில் கிரெடிட் கார்டுக் கடன் 10,000 டாலரை வைத்துத் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் அது. அமெரிக்காவுக்குப் போய் விற்பனையாளர்களை அமர்த்தப் பணம் இல்லை. அந்த நாட்டு அலுவலக நேரத்தில் சிட்னி தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே விற்பனையாளரே தேவைப்படாத முறையில் விற்றார்கள். விலையை வெளிப்படையாக இணையதளத்தில் போட்டார்கள். வேண்டியவர் தரவிறக்கி, பயன்படுத்திப் பார்த்து, கார்டில் பணம் கட்டலாம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் விலையைச் சொல்லவே இரண்டு கூட்டம் போட்ட காலம் அது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடமிருந்து, அட்லாசியனில் ஒருவரிடமும் பேசாமலேயே, கொள்முதல் ஆணை ஃபேக்ஸில் வந்து விழுந்தது. பின்னாளில் பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் பத்து டாலர் என்று தொடக்க உரிமத்தை விற்று, அந்தப் பணத்தை ஏழைக் குழந்தைகளின் கல்விக்குக் கொடுத்தார்கள். இப்படிச் சின்ன விலையில் நுழைந்த குழுக்கள்தான் நாளடைவில் பெரிய வாடிக்கையாளர்களாக வளர்ந்தன. விற்பனைப் படைக்குப் போகாமல் மிஞ்சிய பணம் பொருளை மேம்படுத்தப் போயிற்று. தூரம் அவர்களை ஒரு வழிக்குத் தள்ளியது. அந்த வழியே பின்னர் உலகமெங்கும் மென்பொருள் விற்கும் வழக்கமாகிவிட்டது.

ஒரு நிறுவனத்தைக் காட்டி ஊரையே அளக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கான்வாவின் வேர் பெர்த்தில் இருக்கிறது. மெலனி பெர்கின்ஸும் கிளிஃப் ஓப்ரெக்டும் 2007இல் பள்ளி ஆண்டு மலர் வடிவமைக்கும் சிறு தொழிலாகத் தொடங்கியது அது. 2013இல் வெளிவந்த கான்வாவுக்கு 2021இல் முதலீட்டாளர்கள் போட்ட மதிப்பு 4,000 கோடி அமெரிக்க டாலர். தமிழ்நாட்டில் கல்யாண அழைப்பையும் கடைத் திறப்பு அறிவிப்பையும் அதில் வடிவமைப்பவர்களில் பலருக்கு அது எந்த நாட்டுச் சரக்கு என்றே தெரியாது. சேஃப்டி கல்ச்சர் தொடங்கிய இடம் சிட்னிகூட இல்லை; வட குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில். என்வாட்டோவும் 99டிசைன்ஸும் வளர்ந்தது மெல்பர்னில். உள்நாட்டுச் சந்தையை மட்டுமே நம்பியவர்களும் அழிந்துவிடவில்லை. வீட்டு விளம்பரத்துக்கு ஆர்இஏ, வேலை விளம்பரத்துக்கு சீக், காருக்கு கார்சேல்ஸ் என்று 1990களில் பிறந்த மூன்றும் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்களாக நிற்கின்றன. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாற்றி, வேலை மாற்றி, கார் மாற்றி வாழும் வசதியான நாடு ஒன்றும் சின்னச் சந்தை இல்லை.

இதற்கு எதிர்ச்சாட்சியாக அண்மைத் தோல்விகளைக் காட்டுவார்கள். பத்து நிமிடத்தில் மளிகைச் சாமான் என்று 2021இல் சிட்னியில் கிளம்பிய மில்க்ரன், 2022 ஜனவரியில் 7.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலீடு திரட்டி, 2023 ஏப்ரலில் கடையை மூடியது. அதே சேவையில் இறங்கிய செண்ட், வோலி இரண்டும் அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டன. ஆனால் இதே தொழிலில் உலகளவில் பெரிய பெயரெடுத்த கெட்டிர் 2024இல் அமெரிக்கா, பிரிட்டன் உட்பட எல்லா நாடுகளையும் விட்டுத் துருக்கிக்குத் திரும்பியது. முப்பது கோடிப் பேர் வாழும் சந்தையிலும் கணக்கு உதைத்தது என்றால் குற்றம் சந்தையின் அளவில் இல்லை. ஒரு பால் பாக்கெட்டையும் ரொட்டியையும் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மனிதரின் நேரம் தேவை. ஆஸ்திரேலியாவில் அந்த நேரத்துக்குச் சட்டப்படி நல்ல கூலி உண்டு, அப்படி இருப்பதுதான் முறையும்கூட. வீடுகளோ பரந்து கிடக்கின்றன. வட்டி பூச்சியத்தை ஒட்டி இருந்தவரை முதலீட்டாளர் பணம் அந்த நஷ்டத்தை மூடியது. 2022 மே மாதம் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் மூடி திறந்துகொண்டது. நாலாயிரம் மைல் தாண்டிச் செலவில்லாமல் விற்கும் மென்பொருளையும், நாலு தெரு தாண்டவே செலவாகும் சேவையையும் 'ஸ்டார்ட்அப்' என்ற ஒரே பட்டியலில் அடைப்பதால் வரும் குழப்பம் இது.

அப்படியென்றால் இடறல் எங்கே? முதலில் ஊழியருக்குத் தரும் பங்கு உரிமை. புதிய நிறுவனத்தால் வங்கிகளும் சுரங்க நிறுவனங்களும் தரும் சம்பளத்தைத் தர முடியாது. குறைந்த சம்பளம் வாங்கிக்கொள், நிறுவனம் பெரிதானால் உனக்கும் பங்குண்டு என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை ஒப்பந்தம். 2009 ஜூலையில் ஆஸ்திரேலிய அரசு அந்த ஒப்பந்தத்தின் கழுத்தைப் பிடித்தது. பெரிய நிறுவன நிர்வாகிகள் பங்குத் திட்டங்கள் வழியாக வரியைத் தள்ளிப்போடுவதைத் தடுக்க வந்த விதி, சின்ன நிறுவனத்தின் பொறியாளரையும் சேர்த்து வளைத்தது. உரிமை கைக்கு வந்த ஆண்டிலோ அது உறுதியான ஆண்டிலோ அவர் வரி கட்ட வேண்டும். அவர் கையில் இருப்பதோ சந்தையில் விற்க முடியாத, நாளை ஒன்றுமில்லாமல் போகக்கூடிய ஒரு காகிதம். வராத வருமானத்துக்குச் சம்பளத்திலிருந்து வரி கட்ட யார் முன்வருவார்? பல நிறுவனங்கள் பங்கு உரிமை தருவதையே விட்டுவிட்டன. ஆறு ஆண்டு கழித்து, 2015 ஜூலையில்தான், பட்டியலிடப்படாத, பத்தாண்டுக்குட்பட்ட, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி டாலரைத் தாண்டாத நிறுவனங்களுக்கு விலக்கு வந்தது. பங்கை விற்கும்போது வரி என்றானது. ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளையே வரி விதிக்கும் நாளாக்கிய இன்னொரு விதி 2022 ஜூலை வரை மற்றத் திட்டங்களில் நீடித்தது.

அந்த ஆண்டுகளில்தானே கான்வாவும் பிறந்தது, விதி எங்கே தடுத்தது என்று கேட்கலாம். பிறப்பதை அது தடுக்கவில்லை என்பது உண்மைதான். இழப்பு அடுத்த தலைமுறையில் தெரியும். அமெரிக்காவின் பேபால் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் கையில் பங்குப் பணம் இருந்தது. யூடியூபும் லிங்க்டினும் யெல்ப்பும் அப்படிக் கிளம்பின. ஆஸ்திரேலியாவில் நிறுவனரோடு உழைத்த ஐம்பதாவது ஊழியருக்கு அந்த வாய்ப்பை மறுத்தால், அவர் தொடங்கியிருக்கக்கூடிய நிறுவனம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. அவருக்கு வேறு வாசல்களும் திறந்தே இருந்தன: ஆஸ்திரேலியர்களுக்கென்றே ஆண்டுக்கு 10,500 இ-3 வேலை விசாக்களை 2005 முதல் அமெரிக்கா ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆளை வெளியே இழுக்கும் வாசல் அகலமாக இருக்க, உள்ளே வரும் வாசலை 2017 ஏப்ரலில் கான்பெரா அரசு குறுக்கியது. பல ஆயிரம் இந்தியப் பொறியாளர்கள் போய்ச் சேர்ந்த 457 வேலை விசாவை ஒழிப்பதாக அறிவித்து, அடுத்த ஆண்டு கடுமையான நிபந்தனைகளோடு வேறொன்றைக் கொண்டுவந்தது.

இரண்டாவது இடறல் பணம். இங்கேதான் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் துணிந்து போட மூலதனம் இல்லையாம். 1992 முதல் ஒவ்வொரு முதலாளியும் ஊழியரின் ஓய்வூதியக் கணக்கில் கட்டாயமாகப் பணம் செலுத்தும் நாடு அது. இப்போது சம்பளத்தில் 12 சதவீதம். சூப்பர் என்று அவர்கள் அழைக்கும் அந்த நிதிகளில் சேர்ந்திருப்பது 4 லட்சம் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். பணம் மலையாகக் குவிந்திருக்கிறது, வழிதான் ஒடுக்கம். ஹோஸ்ட்பிளஸ் போன்ற சில நிதிகள் துணிகர முதலீட்டில் இறங்கியிருக்கின்றன. பெரும்பாலானவை விரல் நுனியை மட்டும் நனைக்கின்றன. துணிகர முதலீட்டின் கட்டணம் அதிகம், முதல் சில ஆண்டுகள் நஷ்டம்தான் காட்டும். 2021இல் வந்த செயல்திறன் சோதனையோ நிதிகளைச் சந்தைக் குறியீடுகளோடு ஒப்பிட்டு, இரண்டு ஆண்டு தொடர்ந்து தவறினால் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கக் கூடாது என்கிறது. அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது நிதி மேலாளர் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் முதலீட்டை ஏன் தொடப்போகிறார்?

அது தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணம், அதை வைத்து யாரும் சூதாடக் கூடாது என்ற மறுப்பை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். மோசமான நிதிகளிடமிருந்து உறுப்பினர்களைக் காக்கவே அந்தச் சோதனை வந்தது, அது தேவையும்கூட. சோதனையை நீக்கச் சொல்வது என் நோக்கமில்லை. நீண்டகால முதலீட்டின் சிறு பங்கை அதன் தன்மைக்கேற்ற அளவுகோலால் அளக்கலாமே என்பதுதான். முப்பது வயது ஊழியரின் பணம் முப்பது ஆண்டுக்கு வெளியே எடுக்கப்படப் போவதில்லை. காத்திருக்கும் பணம் என்றால் உலகில் அதைவிடப் பொறுமையான பணம் கிடைப்பது அரிது.

பணம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. கூகுள் மேப்ஸின் தொடக்கம் வேர் 2 டெக்னாலஜிஸ் என்ற நான்கு பேர் கொண்ட சிட்னி நிறுவனம். முதலீடு தேடிக் கிடைக்காமல் 2004 அக்டோபரில் அதை கூகுள் வாங்கிக்கொண்டது. ஆஃப்டர்பே 2021இல் 2,900 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு இணைய ஒப்புக்கொண்டது. மெல்பர்னில் பிறந்த ஏர்வாலெக்ஸ் பின்னர் சிங்கப்பூரைத் தலைமையகமாக்கிக்கொண்டது. அட்லாசியன் 2015இல் பங்கு வெளியிட்டது நாஸ்டாக்கில்; சட்டப்படியான இருப்பிடம் முதலில் பிரிட்டனுக்கும், 2022இல் அமெரிக்காவுக்கும் போயிற்று.

போனால் என்ன, சிட்னியில் வேலைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, அட்லாசியன் பொறியாளர்கள் பலர் இன்றும் அங்கேதான். 2012இல் தொடங்கப்பட்ட பிளாக்பேர்ட் என்ற துணிகர நிதியில் அட்லாசியனின் நிறுவனர்கள் பணம் போட்டார்கள். அந்த நிதி கான்வாவில் போட்டது. ஒரு சுற்று முழுமையாகச் சுற்றிவந்தது. ஆனால் அந்தச் சுற்றில் பெரும் லாபம் பார்த்தவர்கள் நிறுவனர்களும் தனி முதலீட்டாளர்களும்தான். பிந்தைய சுற்றுகளில் பெரிய தொகை அமெரிக்க நிதிகளிடமிருந்து வந்ததால் அந்தப் பங்கின் லாபமும் அங்கேயே திரும்புகிறது. மாதா மாதம் சூப்பர் கட்டும் சிட்னி பேருந்து ஓட்டுநருக்கும் டவுன்ஸ்வில் செவிலியருக்கும், தங்கள் ஊரில் பிறந்த நிறுவனத்தின் தொடக்கப் பங்கு, தங்கள் பணத்துக்கான விதிகளாலேயே பெரும்பாலும் எட்டாமல் போனது.