முன்பணம் அனுப்பும் முன்…

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில், கோடையின் முதல் மழைக்குப் பின் காப்பித் தோட்டங்கள் வெண்மலர்களால் நிறைகின்றன. மல்லிகையை ஒத்த அந்த நறுமணம் சில நாள்களே நீடிக்கும். அதனை நுகர விரும்புவோர் பலர், தோட்டங்களின் நடுவே உள்ள 'ஹோம்ஸ்டே' இல்லங்களில் தங்குகின்றனர். வீட்டார் சமைக்கும் கடம்புட்டையும் அக்கி ரொட்டியையும் உண்டு, அவர்களோடு உரையாடி மகிழ்வது விடுதிகளில் கிடைக்காத இன்பம்.

ஆயினும், இத்தகைய இல்லங்கள் பலவற்றுக்குப் பெரிய பெயரோ வரவேற்பறையோ இராது. சில படங்களையும் ஓர் அலைபேசி எண்ணையும் நம்பியே முன்பணம் அனுப்புகிறோம். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிப்போருக்கு இதுவே வாய்ப்பாகிறது. ஆகவே, மூன்று செயல்களை வழக்கமாகக் கொள்ளுதல் நன்று.

முதலாவது, பதிவைச் சரிபார்த்தல். மத்திய சுற்றுலா அமைச்சகமும் பல மாநிலச் சுற்றுலாத் துறைகளும் இவ்வில்லங்களைப் பதிவு செய்கின்றன. அமைச்சகத்தின் திட்டப்படி, உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். வாடகை அறைகள் 6-க்கு மேற்படலாகாது. பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, உரிய துறையிடம் உறுதி செய்து கொள்ளுங்கள். நேர்மையான உரிமையாளர் இதனை அவமதிப்பாகக் கருதமாட்டார்.

இரண்டாவது, பெயரை ஒப்பிடுதல். யுபிஐ வழியே செலுத்துகையில், பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். உரிமையாளர் கூறிய பெயருடன் அது பொருந்தாவிடில், விளக்கம் பெறும்வரை பணம் அனுப்பாதீர்கள். "முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்" என எவரேனும் கூறினால், அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை.

மூன்றாவது, மீதத் தொகையை வீட்டை நேரில் கண்ட பின்னரே செலுத்துதல். மலைக்கிராமங்களில் இணையத் தொடர்பு தடைபடலாம். ஏடிஎம்மும் தொலைவில் இருக்கலாம். எனவே சிறிது ரொக்கம் கைவசம் இருக்கட்டும்.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளரே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகையை வங்கி தானாகவே திரும்பப் பெற இயலாது. பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் புகார் சென்றால், அதனை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.

2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. இத்தொழிலை நம்பிக் கடன் பெறும் கிராமக் குடும்பங்களின் வருவாய், விருந்தினரின் நம்பிக்கையைச் சார்ந்தது. நாம் செலவிடும் சில நிமிட விழிப்பு, நம் சேமிப்பைக் காப்பதுடன், அத்தொகையை உரியவர் கையிலும் சேர்க்கிறது.