மாத்திரை மறைத்த கிருமி

லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ஓயாத வயிற்றெரிச்சல். கடையில் ஒமெப்ரசோல் மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிட்டார். பிறகு மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். "கிருமி இல்லை" என்று முடிவு வந்தது. அது சரிதானா?

குடல்புண் பலருக்கு ஒரு கிருமியால் வருகிறது. பழியோ காரத்தின் மீது! 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள்.

ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும். கிருமியையும் அடக்கி வைக்கும், அழிக்காது. அதனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம்.

டாக்டர் சொன்னபடி 2 வாரம் மாத்திரையை நிறுத்தினார். மறுபடி பரிசோதித்தார்கள். கிருமி தெரிந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர் என்றால் 4 வாரம் பொறுக்க வேண்டும்.

சிகிச்சைக்கு அதே மாத்திரை வேண்டும். அமிலம் குறைந்தால்தான் ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும். 14 நாளும் ஒரு வேளைகூட அவர் விடவில்லை. மலம் கறுத்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார் டாக்டர்.