தாய் அறிந்தால் சேய் பிழைக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

வருமுன் காப்பதே அறிவுடைமை. கருவுற்ற தாய்மார்க்கு இது இருமடங்கு பொருந்தும். அவர்கள் காப்பது இரண்டு உயிர்களை அன்றோ!

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் நம் தமிழகத்தில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. ஒரு மாணவியின் உழைப்பு நாட்டையே விழிக்கச் செய்தது என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தருவதாகும்.

இக்கிருமி தாயிடமிருந்து சேய்க்கு மூன்று வழிகளில் செல்லக்கூடும்: கருப்பையில், பிரசவ வேளையில், தாய்ப்பாலின் மூலம். சிகிச்சை இல்லையேல் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். தாய் கூட்டு மருந்தைத் தவறாது உட்கொண்டால், இரத்தத்தில் கிருமியின் அளவு வெகுவாகக் குறைகிறது. ஆபத்தும் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்குகிறது. தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் இம்மருந்தை இலவசமாக வழங்கும் முறை 2014-இல் நம் நாட்டில் வந்தது. பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து உண்டு. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும். ஆகவே ஆறாவது வாரத்தில் கிருமியின் மரபுப்பொருளையே தேடிச் சோதிக்கின்றனர்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம், முடிவு இரகசியம். எனினும் பீடி சுற்றியும் வயலில் உழைத்தும் வாழும் நம் வட்டாரத் தாய்மார் பலர், “இரத்தம் எடுத்தார்கள்” என்பதோடு நின்று விடுகின்றனர். எதற்காக எடுத்தார்கள் என்று கேட்பது அவர்கள் உரிமை. ஒப்புதல் பெற்றே சோதிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இங்கே ஒரு கொடுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் மனைவிக்கே முதலில் சோதனை நடப்பதால், நோயைக் கொணர்ந்தவள் அவளே என்று பழி சுமத்துவோர் உண்டு. முதலில் அறியப்பட்டவர் முதலில் தொற்றியவர் ஆகமாட்டார். அப்பழிக்கு அஞ்சியே ஒருத்தி மையத்தின் படியேறாது போனால், இழப்பு குழந்தைக்கன்றோ! எனவே கணவரும் உடன் சென்று சோதித்துக் கொள்ளல் வேண்டும்.

குற்றால அருவியில் ஆயிரம் பேர் தோளோடு தோள் உரசி நீராடுகிறோம். அதனால் இக்கிருமி பரவாது. உடன் உண்பதாலும் கொசுக்கடியாலும் பரவாது.

நம்மில் பலர் நம் இல்லங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வகுப்பில் கற்ற இவ்வுண்மையை அக்காவிடமும் மதினியிடமும் கூச்சமின்றி எடுத்துரைப்போம். கற்ற கல்வியின் பயன் அதுவே.