மூடுபனியில் ஜன்னல் திறப்பது பற்றி

மாத்தளை.

அன்புள்ள தம்பிக்கு,

பழைய டொல்பின் வேனொன்றை வாங்கிய செய்தியும், அதற்குள் கட்டில் எங்கே, அலுமாரி எங்கே, அடுப்பு எங்கே என்று நீ வரைந்தனுப்பிய படமும் எனக்குச் சந்தோஷத்தையே தந்தன. ஆயினும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியதுபோல, “ரிவர்ஸ்டன் பக்கம் மூடுபனியில் நிறுத்தினால் ஜன்னல்களை இறுக மூடிவிட வேண்டியதுதானே சேர், திறந்தால் ஈரமெல்லாம் உள்ளே வந்துவிடுமே” என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்குப் பதில் எழுதாமல் என்னால் வேறெந்த வேலையிலும் மனம் செலுத்த முடியவில்லை. பனிபடுநிலையையும் சாரீரப்பதனையும் பரீட்சைக்காகப் படித்துச் சித்தியும் பெற்ற ஒருவன், தான் படுத்துறங்கப் போகும் இடத்தைப் பற்றி யோசிக்கும்போது அவற்றைப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

எஞ்சின், கியர், கிளச் முதலிய விஷயங்களில் நான் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் நீ என்னைவிடத் தேர்ந்தவன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் வழி திறந்த நம் நாட்டிலே, முப்பது வயதான வேனைக் கழித்துவிடாமல் காப்பாற்றி ஓட்டும் வித்தையைக் கராஜ்காரர்கள் மட்டுமன்றி ஊரில் பாதிப்பேர் கற்றுக்கொண்டார்கள். ஓடுகின்ற வண்டியைப் பற்றிய ஞானம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. நின்றபின் அது வீடாகும்போது என்ன நிகழ்கிறது என்பதைத்தான் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இனி அந்த ஈரத்தின் கணக்குக்கு வருவோம். உறங்குகின்ற மனிதன் மூச்சினாலும் தோலினாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறான். நீயும் உன் மனைவியுமாக இருவர். மணிக்கு 80 கிராம். எட்டு மணிநேர உறக்கத்தில் அரை லீட்டருக்கும் மேல். உன் வேனின் பின்பகுதி, கட்டிலும் பெட்டிகளும் போக, ஆறு கனமீட்டர் இருந்தால் அதிகம். 15 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று 13 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஆவியையே தாங்கும். 25 பாகையில் 23 கிராம். ஆகவே ரிவர்ஸ்டன் குளிரில் நீ கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு படுத்தால், உள்ளிருக்கும் காற்று முற்றும் உலர்ந்ததாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும்கூட, அது நிரம்பிவிட ஒரு மணிநேரம் போதும். எஞ்சிய ஏழு மணிநேரமும் வெளிவரும் நீர் எங்கே போகும்? வண்டியில் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போகும். அதாவது கூரைத் தகட்டுக்கும், கண்ணாடிக்கும், கட்டிலின் அடிப்பலகைக்கும்.

“வெளியேயும் மூடுபனிதானே, அங்கும் காற்று நிரம்பித்தானே இருக்கிறது” என்று நீ மறுப்பாய். நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் 15 பாகையில் நிரம்பியிருக்கிறது. உங்கள் இருவரின் உடற்சூட்டினால் உள்ளே 20 பாகை இருக்குமானால், அங்கே ஒரு கனமீட்டர் 17 கிராமுக்கு மேல் ஏந்திக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 13 கிராமுடன் உள்ளே வருகிற காற்று சூடேறி, 17 கிராமுடன் வெளியே போகிறது. ஒவ்வொரு கனமீட்டரும் நாலரைக் கிராம் நீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. மணிக்குப் பதினெட்டுக் கனமீட்டர் காற்று மாறினால் உங்கள் எண்பது கிராமும் போய்விடும். செக்கனுக்கு ஐந்து லீட்டர், மிகச் சிறிய மின்விசிறிக்குக்கூட அது விளையாட்டு. பனித்துளிகளாக மிதந்து வருகிற நீரோ ஒரு கனமீட்டரில் அரைக் கிராமைத் தாண்டுவது அரிது. எனவே மூடுபனியில் ஜன்னலைத் திறப்பவன் ஈரத்தை வெளியே அனுப்புகிறான். மூடுகிறவன் அதைச் சேமித்து வைக்கிறான். ஆகாயம் ஈரமாக இருக்கும்போது ஜன்னல் மூடுவது அறிவு என்ற எண்ணம் நம்மவர்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை நினைக்க எனக்குக் கோபமே வருகிறது.

இதை நீ ஏற்றுக்கொண்டால் வண்டியின் மற்றெல்லா வேலைகளும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். தும்பு மெத்தையை ஒட்டுப்பலகையின்மேல் நேரே போட்டால், உடற்சூட்டில் எழும் ஆவி மெத்தையை ஊடுருவிக் குளிர்ந்த பலகையில் நீராகி, சில வாரங்களில் மெத்தையின் அடிப்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பலகைக்குப் பதிலாக நான்கைந்து சதமமீட்டர் இடைவெளிவிட்டுச் சலாகைகளை அடித்து, அவற்றின்கீழ் காற்று ஓடவிடு. சமையல் எரிவாயு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேல் நீர் பிறக்கிறது என்பதைக் கேட்டால் உன் மனைவி நம்பமாட்டாள். வாயுவிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் நீர் அது என்பதை நீ விளக்கிச் சொல். சோற்றுப்பானையின் ஆவி அதற்கு மேலதிகம். ஆதலின் அடுப்பைப் பின்கதவருகே இழுத்து வைத்து, கதவைத் தூக்கிவிட்டுச் சமையுங்கள். வெப்பக்காப்புக்கென்று கண்ணாடிப் பஞ்சைக் கூரையில் திணிக்கச் சொல்லும் ஆசாமிகளின் பேச்சைக் கேளாதே. பஞ்சுக்குள் புகுந்த ஆவி தகட்டிலே நீராகி, பஞ்சு அந்த நீரை மாதக்கணக்கில் தகட்டோடு அணைத்து வைத்திருக்கும், வெளியிலிருந்து பார்க்கும்போது வர்ணம் பளபளக்கும், உள்ளே கறள் தின்றுகொண்டிருக்கும். ரெஜிபோம் தாளானாலும் சரி, காற்றுப்புகாத நுரைத்தாளானாலும் சரி, தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டவேண்டும். ஒட்டமுடியாத வளைவுகளை வெறுமனே விட்டுவிடு.

ஆனால் ஒட்டுவதற்குமுன் ஒரு காரியம் செய். முன்னாசனத்தின் கீழுள்ள இறப்பர் பாயையும் அதனடியிலுள்ள கம்பளித் துண்டையும் தூக்கிவிட்டு, திருப்புளியின் கைப்பிடியால் தரையைத் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்னும், கெட்டது தொப்பென்னும். தொப்பென்ற இடத்தில் திருப்புளியின் முனையை வைத்துச் சற்றே அழுத்து. உள்ளே போனால் டிங்கர் பாஸைக் கூப்பிடு. பட்டி பூசி மறைப்பதற்கு இணங்காதே, வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டவைக்கச் சொல். கூரையோரப் பீலியையும் அவ்வாறே விரல்நகத்தால் சுரண்டிப் பார். பழைய பூச்சு வெடித்த இடமெல்லாம் மழைநீர் நுழைவாயில். கூரையில் காற்றாடிக்காகத் துவாரம் வெட்டினால், வெட்டிய விளிம்பு பச்சைத் தகடு. அதற்குக் கறள்தடுப்புப் பூச்சுப் பூசி உலரவிடாமல் எதையும் பொருத்தாதே. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கனைத் திறந்ததும் வினாகிரி நெடி அடிக்கிறதா, அப்படியே மூடி வைத்துவிடு. அந்த நெடிக்குக் காரணமான அமிலம் இரும்பை அரிக்கும். பியூட்டைல் நாடா சற்றே விலை கூடியது, வேலை செய்யும்போது கையிலெல்லாம் ஒட்டும், இருந்தாலும் ஒழுகாது.

தம்புள்ளையில் வெயிற்காலத்தில் என்ன செய்வதென்று கேட்டு, ஏ.சி. ஒன்று பூட்டினால் போதுமே என்று பதிலும் நீயே எழுதிவிட்டாய். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈயப் பெற்றரியில் 1200 வாட்-மணி சக்தி உண்டு. அதன் ஆயுளை நீ மதித்தால் பாதியைத்தான் எடுக்கலாம். சிறியதொரு ஏ.சி. 700 வாட் விழுங்கும். பெற்றரி ஒரு மணிநேரம்கூட நிற்காது. பிறகு நீ இறுக மூடிய ஒரு தகரப் பெட்டிக்குள் கிடப்பாய். 20 வாட் விசிறியோ அதே பாதியைக் கொண்டு முப்பது மணிநேரம் சுழலும். நிழல் பார்த்து நிறுத்துவதும், கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசுவதும், கீழ்ப்பக்கத்தில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக இரண்டு திறப்புகளை வைத்து நுளம்புவலை அடிப்பதும் செலவில்லாத காரியங்கள் என்பதனாலேயே பலருக்கு அவை ருசிப்பதில்லை. மின்சாரத்தில் இன்னும் ஒன்று: பெற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கவேண்டும். தொலைவில் வைத்த பியூஸ், அதற்கு முன்னாலுள்ள வயரைக் காப்பாற்றாது.

இவ்விடத்தில் உனக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், பிரித்தானியக் கடற்படையில் சத்திரவைத்தியராக இருந்து ஓய்ந்து, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பிழைத்தவர். 1885இல் பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலையொன்றில் தமக்கென்று ஒரு வீட்டுவண்டி செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு, இரண்டு குதிரைகள் பூட்டி, முன்னே முச்சக்கர மிதிவண்டியில் ஒரு வேலையாளை அனுப்பி வீதியில் வருகிறவர்களை எச்சரித்துக்கொண்டே இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரையில் போனார். உல்லாசத்துக்காக வீட்டுவண்டியில் பிரயாணம் செய்தவர்களில் முதல்வர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை நான் ரசித்தே படித்தேன். ஆனால் படிக்கும்போதெல்லாம், புகைவண்டி 1880இல் மாத்தளைக்கு வருவதற்கு முந்திய நெடுங்காலமாக, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக இந்த ஊருக்கு நம்மவர்கள் கோப்பித் தோட்ட வேலைக்காகக் கால்நடையாக வந்த பாதை என் மனத்தைவிட்டு அகலவில்லை. வீடுள்ளவனுக்கு வீதியிற் படுப்பது உல்லாசம். நீயோ வீட்டு வாடகைக்கு அஞ்சி வேனுக்குள் குடியேறுகிறவனாகையால், ஸ்டேபிள்ஸ் சபையில் உனக்கு ஆசனமில்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவரைப் பற்றி நான் சொல்லவந்தது வேறு. அவருடைய வண்டி மொகோகனி மரத்தாலும் மேப்பிள் மரத்தாலும் ஆனது. பாரம் ஏற்றியபின் இரண்டு தொன்னை நெருங்கிற்று. மேட்டில் ஏற்றக் குதிரைகள் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். உன் தச்சு பாஸும் தேக்கிலும் பலாவிலும் அலுமாரி செய்து தருவதாகச் சொல்கிறாராம். எட்டுக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்றே ஏறத்தாழ 20 கிலோகிராம். 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். பலகையோ 38 கிலோகிராம் வரும், அத்துடன் ஈரம் பட்டால் பொங்கி உதிரும். 60 லீட்டர் தண்ணீர்த் தாங்கி ஓர் ஆளின் பாரம். நம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனியைப் பார்த்திருக்கிறாயே, தேர் கட்டும் மரபில் கனத்த மரமெல்லாம் அடித்தட்டில் இருக்க, மேலே போகப்போக மூங்கிலும் துணியுமாக இலேசாகிக்கொண்டே போவதை என்றாவது கவனித்தாயா? தண்ணீரும் பெற்றரியும் தரையில், அச்சுக்களுக்கு இடையில். தலைக்குமேல் தலையணையும் உடுப்பும். இதை மீறியவர்கள் றத்தோட்டைக்கு மேலுள்ள கொண்டையூசி வளைவுகளில் வண்டியின் சாய்வைக் கண்டு, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள்.

இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்கு. இது நீ அறிந்ததே. நீ பார்த்திராதது டயரின் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும், முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். 2314 என்றிருந்தால் 2014ஆம் வருஷத்தின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்தது. பழைய வேன்கள் அதிகம் ஓடாமல் நின்றவையாகையால் டயரின் பூ அப்படியே இருக்கும், இறப்பரோ செத்திருக்கும்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாக. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில், வெளியே திறக்கும்படி ஒரு துவாரம் வேண்டும், அதைக் குளிருக்காகத் துணிவைத்து அடைக்கக்கூடாது. 2021இன் இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது சனங்கள் பட்ட பயம் உனக்கு நினைவிருக்கும். அது வீடுகளில், உன்னுடையது அதில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள அறை. ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் பொருத்துவதற்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்துக்கான அனுமதியைக் கேட்டு எழுது. வாகனப் புத்தகத்தில் ஒன்றும் வண்டிக்குள் வேறொன்றுமாக இருந்தால் காப்புறுதிக்காரர் ஆபத்து வந்த அன்றுதான் அதைக் கவனிப்பார்கள். பிட்டவல பத்தனைப் பக்கம் இராத் தங்க நினைத்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் முதலில் விசாரி.

உன் படத்தில் கட்டிலுக்கும் பின்கதவுக்கும் இடையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய் என்று அளவு எழுதவில்லை; அடுப்பைப் பற்றி நான் சொன்னது அந்த அளவைப் பொறுத்தது. கூரையை வெட்டும் வேலையை மழை தொடங்குமுன் முடித்துவிடு, வெட்டிய அன்றே ஹோஸ் குழாயால் கால்மணிநேரம் தண்ணீர் அடித்து உள்ளே கையால் தடவிப் பார். நீர்த்துளி தென்பட்டால் நுரைத்தாளை ஒட்டாமல் நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பௌதிக ஆசிரியன்