தம்பிக்கு மஜ்ஜை கொடுத்தால் என் முதுகு போய்விடுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சென்னை டோல்கேட்டில் இருக்கிறோம். என் தம்பிக்கு 22 வயது. கன்டெய்னர் யார்டில் வேலை. இரண்டு வருடமாக பெயின்ட், தின்னர் வாசனையிலேயே நின்றவன். மூன்று மாதமாக உடம்பில் ஊதாத் திட்டுகள், ஈறில் ரத்தம், விட்டுவிட்டுக் காய்ச்சல். மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு 'ஏபிளாஸ்டிக் அனீமியா, ரொம்பத் தீவிரம்' என்றார்கள். வாரம் இரண்டு முறை பிளேட்லெட் ஏறுகிறது. எனக்கும் அவனுக்கும் ஹெச்.எல்.ஏ. முழுசாகப் பொருந்துகிறதாம். எனக்கு வயது 28, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நான் கொடுக்கத் தயார்தான். ஆனால் முதுகெலும்பில் ஊசி போட்டு எடுத்தால் பிறகு குனிந்து நிமிர முடியாது, அடுத்த குழந்தை தங்காது என்று மாமியார் வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கு ஓ பாசிட்டிவ், தம்பிக்கு பி பாசிட்டிவ், இது ஒத்துவருமா? அம்மாவோ, 'இப்போதைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே பார்ப்போம், மாமா, சித்தப்பா எல்லாரும் கொடுப்பார்கள்' என்கிறார். ஆபரேஷன் முடிந்தபின் அவனை இந்த வீட்டுக்கே அழைத்து வரலாமா? ஒரே அறை, வாசலில் நாள் முழுக்க லாரிப் புழுதி.
— ஓர் அக்கா, டோல்கேட்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் வீட்டாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜையை முதுகெலும்பிலிருந்து எடுப்பதில்லை. இடுப்புக்குப் பின்பக்கம், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் தடித்த இடுப்பெலும்பிலிருந்து எடுக்கிறார்கள். தண்டுவடம் அந்தப் பக்கமே இல்லை. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். உங்கள் எடைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு உண்டு: கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் போவதில்லை. நீங்கள் 50 கிலோ என்றால் அதிகபட்சம் ஒரு லிட்டர். எடுத்ததை உடம்பு சில வாரங்களில் தானே நிரப்பிக்கொள்ளும். சில நாள் இடுப்பு வலிக்கும், அசதி இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மயக்க மருந்து என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மிகச் சிறியது. அதைக் குறைக்கத்தான் உங்களுக்கும் இதயம், நுரையீரல், ரத்தம் என முழுப் பரிசோதனை செய்வார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கைந்து நாள் ஒரு ஊசி போட்டு, மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவைத்து, ஒரு கையிலிருந்து எடுத்து இயந்திரம் வழியாகப் பிரித்து, மீதி ரத்தத்தை மறு கையில் திருப்பி ஏற்றுவது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலி, தலைவலி வரும், பாராசிட்டமாலில் அடங்கும். ஆனால் ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையே மேல் என்று பல மையங்கள் கருதுகின்றன. கொடுத்தவரின் அணுக்கள் நோயாளியின் உடம்பைப் பின்னாளில் தாக்கும் நோய் அதில் குறைவு. உங்கள் மருத்துவர் எதைச் சொல்கிறார், ஏன் என்று கேளுங்கள்.

கர்ப்பப்பைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னொரு குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் கொடுக்கக் கூடாது. அதனால் முன்கூட்டியே கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ரத்த வகை வேறாக இருப்பது தடையில்லை. பொருந்த வேண்டியது ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம். அதில் பாதியை அப்பாவிடமிருந்தும் பாதியை அம்மாவிடமிருந்தும் வாங்குகிறோம். உடன்பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். அது உங்கள் வீட்டில் கிடைத்திருக்கிறது. நீங்கள் ஓ, அவர் பி என்பதால், தேவைப்பட்டால் பிளாஸ்மாவைக் குறைத்து ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் அவருடைய பழைய சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று கவனிப்பார்கள். சில மாதங்கள் கழித்து உங்கள் தம்பியின் ரத்த வகையே ஓ பாசிட்டிவாக மாறிவிடும். அவர் ரத்தத்தைப் பரிசோதித்தால் அதில் பெண்ணின் குரோமோசோம்கள் இருக்கும். மஜ்ஜை நிலைத்துவிட்டதா என்று மருத்துவர்கள் பார்ப்பது அதையும் வைத்துத்தான்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களா? மாமன், அத்தை மகள் உறவில் கட்டிய வீடுகளில் ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய் இப்படியே தலைகாட்டலாம். அது இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மருந்தின் அளவே வேறு. வழக்கமான அளவு கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. அதற்கு குரோமோசோம் உடையும் பரிசோதனை இருக்கிறது. தம்பிக்கு அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். அவருக்கு அந்த நோய் உண்டு என்றால் உங்களுக்கும் செய்ய வேண்டும். உங்களிடம் அது மறைந்திருந்தால் அந்த மஜ்ஜை பயன்படாது.

அம்மா சொல்வதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ரத்தம் ஏற்றிக்கொண்டே காத்திருப்பது பாதுகாப்பான வழி போலத் தெரியும். அப்படி இல்லை. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் பிறர் அணுக்கள் இருக்கின்றன. உடம்பு அவற்றை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகிவிடும். பிறகு உங்கள் மஜ்ஜையை ஏற்றும்போது அதையும் தள்ளிவிடக்கூடும். வெள்ளையணு இல்லாத உடம்பில் ஒரு பூஞ்சைத் தொற்று நுரையீரலில் உட்கார்ந்துவிட்டால், மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போட நேரும். சில சமயம் செய்யவே முடியாமல் போகும். 40 வயதுக்குக் கீழ், உடன்பிறந்தவர் பொருத்தம் இருக்கிறது, நோய் தீவிரம் என்றால், முதல் சிகிச்சையே மாற்று சிகிச்சைதான். உங்கள் தம்பி வயதில், தொற்று இல்லாமல் சீக்கிரம் செய்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நீண்ட நாள் நலமாக இருக்கிறார்கள்.

மாமா, சித்தப்பாவின் அன்புக்கு நன்றி சொல்லி, தம்பிக்கு நேராக ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் ரத்தம் ஏறினால் அந்த எதிர்ப்பு இன்னும் அதிகம். அவர்கள் ரத்த வங்கியில் வேறு நோயாளிகளுக்காகக் கொடுக்கட்டும். தம்பிக்கு ஏற்றுவது வெள்ளையணு நீக்கிய, கதிர்வீச்சு செய்த ரத்தமாக இருக்கட்டும். பிளேட்லெட் ஒரே கொடையாளரிடமிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது.

அடுத்து, இதை 'ஆபரேஷன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்குக் கத்தியே கிடையாது. வடிகட்டிய காற்று வரும் தனி அறையில் வைத்து, சில நாள் கீமோ மருந்து கொடுத்து, அவருடைய எதிர்ப்புச் சக்தியை அடக்குவார்கள். பிறகு உங்கள் மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவதுபோலவே கழுத்துப் பக்கம் போட்ட குழாய் வழியே ஏற்றுவார்கள். அந்த செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேரும். இரண்டு முதல் நான்கு வாரம் ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறக் காத்திருக்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், முடி கொட்டுதல் எல்லாம் அந்த நாட்களில்தான். ஒன்றை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: கீமோ தொடங்கும் முன் தம்பியின் விந்தணுவைச் சேமித்து வைக்கலாமா என்று கேளுங்கள். 22 வயதுப் பையன்; பின்னால் கல்யாணம், குழந்தை இருக்கிறது.

இந்த சிகிச்சை புதிதல்ல. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், நம் மாநிலத்தில் 1986-இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கிவிட்டது. சென்னையில் தனியாரிடம் மட்டுமல்ல, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. டோல்கேட் மெட்ரோவில் ஏறினால் நேராக சென்ட்ரலில் இறங்கலாம். தனியாரில் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த சிகிச்சை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றிதழும் குடும்ப அட்டையும் வேண்டும். தம்பி சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்றும் பாருங்கள். காகிதங்களை இப்போதே சேருங்கள், அனுமதிக்கு நாளாகும்.

தின்னர் பற்றி எழுதியிருந்தீர்கள். பென்சீன் என்ற கரைப்பான் மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் பெரும்பாலான ஏபிளாஸ்டிக் அனீமியா, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மஜ்ஜையைத் தாக்குவதால் வருகிறது. ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் தம்பி வேலையின் விவரத்தைக் கட்டாயம் எழுத வையுங்கள். குணமான பிறகு அந்த வேலைக்கு அவர் திரும்பக் கூடாது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் பெயின்ட், கரைப்பான் வேலைகளில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முகமூடியும் கையுறையும் ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். அது அவர்களின் உரிமை.

இனி வீடு. முதல் நூறு நாள்தான் மிக முக்கியம். மருத்துவமனை அருகில் ஒரு அறை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் உங்கள் ஒற்றை அறையைத் தயார் செய்யலாம். தம்பி அட்மிட் ஆகும்போதே வேலையை ஆரம்பியுங்கள். மழையில் ஊறிய சுவரில் கறுப்புப் பூஞ்சை இருந்தால் சுரண்டி, காயவைத்து, வெள்ளையடித்துவிடுங்கள். அவர் வந்தபின் அதைச் செய்யக் கூடாது. புழுதியோடு பூஞ்சைத் துகள் பறக்கும், உயிரைப் பறிப்பது அதுதான். ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பூந்தொட்டி, புறா, ஏர் கூலர், ஊதுபத்திப் புகை வேண்டாம். தேரடிக் கூட்டத்துக்கும் வடிவுடையம்மன் கோயிலுக்கும் உங்கள் அம்மா போய் வரட்டும். தம்பி வீட்டில் இருக்கட்டும். பரிசோதனைக்குப் போகும்போது மெட்ரோ கூட்டம் வேண்டாம். முகக்கவசத்தோடு ஆட்டோவில் போங்கள்.

சாப்பாடு சுடச்சுட, வீட்டில் செய்தது மட்டும். இட்லி, சாதம், பருப்பு, நன்றாக வெந்த மீன் சரி. பழைய சோறு, பச்சைச் சட்னி, ரோட்டோரக் கடை, கருவாடு வேண்டாம். கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுங்கள். தயிர் பற்றி வார்டு டயட்டீஷியனிடம் கேளுங்கள். பம்ளிமாஸ் பழம் தொடவே கூடாது. மாற்று சிகிச்சைக்குப்பின் பல மாதம் சாப்பிட வேண்டிய சைக்ளோஸ்போரின் மாத்திரையின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. உங்கள் அணுக்கள் அவர் உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்காமல் தடுப்பது அதுதான். உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் ஆகியவை அந்தத் தாக்குதலின் அறிகுறிகள்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று இருக்காமல், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவருக்குச் சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் குறைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பப் போடத் தொடங்குவார்கள். உயிருள்ள கிருமியால் ஆன ஊசிகளுக்கு இரண்டு ஆண்டு ஆகும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. அம்மாவும் வற்புறுத்தக் கூடாது, மாமியாரும் தடுக்கக் கூடாது. தம்பியின் மருத்துவர் அல்லாத வேறொரு மருத்துவர் உங்களைத் தனியாகப் பரிசோதித்துப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் தம்பிக்குக் கீமோ தொடங்கியபின் மனம் மாறினால் அவர் பிழைப்பது அரிது. அதனால் எல்லாச் சந்தேகத்தையும் அதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது கணவரையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். இடுப்பெலும்பு எங்கே, முதுகெலும்பு எங்கே என்று மருத்துவர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும். சம்மதம் என்றால் இந்த வாரமே தேதி வாங்குங்கள்.